அம்புலி காட்டிய தாய்மாரும் ஐந்து வயதுக் கதவும்

தெஹிவளைப் புகையிரத நிலையத்தில் இறங்கிக் காலி வீதியை நோக்கி நடப்பவர் பத்து நிமிடத்துக்குள் மூன்று நான்கு பெயர்ப்பலகைகளையாவது கடந்து போவார். ஒரு பலகையில் முயல், இன்னொன்றில் வண்ணத்துப்பூச்சி, வேறொன்றில் கைகோத்து நிற்கும் இரண்டு பிள்ளைகள். எல்லாப் பலகைகளிலும் ஒரு சொல் பொதுவாக இருக்கும்: மொன்ரிசோரி. வீட்டு விறாந்தையை மறித்துக் கம்பி வலை அடித்து, சின்னக் கதிரைகள் இருபது போட்டு நடத்தப்படுகின்ற பாலர் பள்ளிகள் இவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். மொன்ரிசோரி என்பது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையே நம்மிற் பலர் மறந்துவிட்டோம். அது நமக்கு முன்பள்ளிக்கான இன்னொரு சொல், அவ்வளவுதான்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆறாம் தரத்தில் ஒரு மாணவன் என்னிடம் வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன். கதை சொன்னால் கண் கொட்டாமற் கேட்பான். கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் செய்வான். ஆனால் புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஒரு நாள் அவனைத் தனியே அழைத்து, "நீ சின்னதில எந்த மொன்ரிசோரிக்குப் போனனீ?" என்று கேட்டேன். அவன் கூச்சப்படாமற் சொன்னான்: "போகல்ல சேர். தங்கச்சிய நாந்தான் பாத்துக்கிட்டிருந்தன். அம்மா வீட்டு வேலைக்குப் போவாங்க."

அப்போது அவனுக்கு வயது நான்கு. நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றது. அவர்கள் குடியிருந்த புகையிரதப் பாதையோரக் குடிசைக்கும் நான் மேலே சொன்ன முயற்படப் பலகைக்கும் இடையே இருநூறு யார் தூரங்கூட இல்லை. அந்த இருநூறு யார் எப்படி உண்டாயிற்று என்பதைத் தேடிச் சென்றதன் விளைவே இன்றைய உரை.

தமிழ் படித்தவன் என்றபடியால் நான் முதலிற் தேடியது நம் இலக்கியத்தில். குழந்தையின் முதலிரண்டு ஆண்டுகளைத் தமிழர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சான்று. மூன்றாம் மாதத்திற் காப்பு. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டித் தலை நிமிர்த்தி ஆடுகின்ற செங்கீரை. தாலாட்டுக்கு நாவசைக்கும் தாற்பருவம். ஒன்பதாம் மாதத்திற் கைகொட்டும் சப்பாணி. ஓராண்டு நிறைந்ததும் தளர்நடையிட்டு வருகின்ற வருகை. இவ்வாறு ஒற்றைப்பட்ட மாதங்களாக இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. எந்த மாதத்திற் பிள்ளை எதைச் செய்யும் என்று இன்றைய தாய் சேய் நல நிலையங்களில் ஓர் அட்டவணை தொங்கவிடப்பட்டிருக்கின்றதே, அதனை நம் புலவர்கள் பாட்டாகவே பாடி வைத்தனர். இதில் அம்புலிப் பருவம் பாடுவதற்கு அரியது என்பர். நிலாவை விளையாட வருமாறு சாம பேத தான தண்டம் என்ற நால்வகை உபாயத்தாலும் அழைக்க வேண்டும் என்பது மரபு.

ஆனால் அந்தப் பிள்ளை யார்? தெய்வக் குழந்தை, அல்லது அரசக் குழந்தை. குமரகுருபரர் பாடியது மதுரை மீனாட்சியை. பசித்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் பிள்ளைத்தமிழ் பாடவில்லை.

பாடவில்லையே தவிர, பார்க்காமல் இருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, புறநானூற்றின் 160ஆம் பாட்டில், பெருஞ்சித்திரனார் தம் வீட்டை முதிரமலைத் தலைவன் குமணனிடம் காட்டுகின்றார். தாயின் மார்பைச் சுவைத்துப் பாலின்மை கண்ட சிறுவன் அடுக்களைக்குட் போய் ஒவ்வொரு வெறுங்கலமாகத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகிறது என்று அச்சங்காட்டிப் பார்க்கிறாள். அடங்கவில்லை. நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். அதற்கும் அடங்கவில்லை. நேயர்களே, அதே நிலாத்தான். பிள்ளைத்தமிழில் விளையாட்டுத் தோழனாக அழைக்கப்படுகின்ற அம்புலி, இங்கே சோற்றுக்கு மாற்றாகக் காட்டப்படுகின்றது. பாலர் பருவம் பற்றிய நம் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு நிலாக்களுக்கும் இடையில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, அந்தப் பெயர்ப்பலகைக்குரிய பெண்மணியிடம் வருவோம்.

மரியா மொன்ரிசோரி 1870ஆம் ஆண்டு இத்தாலியிற் பிறந்தவர். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அந்நாட்டின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவர். அவருடைய முதலாவது 'குழந்தைகள் இல்லம்' 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் உரோமாபுரியின் சன் லொரென்சோ என்ற பகுதியிலே திறக்கப்பட்டது. அது செல்வர் வாழ்ந்த இடமன்று. கூலித் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த தொடர்மாடிக் குடியிருப்பு. தாயும் தந்தையும் விடியவே வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் பகல் முழுவதும் படிக்கட்டுகளில் உருண்டு புரண்டார்கள், சுவர்களைக் கீறினார்கள். கட்டடத்தைத் திருத்திக் கட்டிய நிறுவனம் கணக்குப் பார்த்தது. சுவரைத் திரும்பத் திரும்பத் திருத்துவதைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துவது மலிவு என்று கண்டது. சுவரைக் காப்பாற்றுவதற்குத் தொடங்கப்பட்ட அந்த அறையில், அம்மையார் பிள்ளைகளைக் கண்டார். சேரிப் பிள்ளைகள், தக்க பொருள்களும் ஒழுங்கான சூழலும் கிடைத்தால், ஒருவரும் அதட்டாமலே மணிக்கணக்காக ஒன்றில் மனம் ஊன்றுவர் என்பதை அங்கேதான் உலகுக்குக் காட்டினார்.

இன்னொன்றையும் நாம் கவனித்தல் வேண்டும். அந்த இல்லம் குடியிருப்புக்கு உள்ளேயே இருந்தது. தாய் விரும்பிய நேரத்தில் வந்து எட்டிப் பார்க்கலாம். பிள்ளையைக் கழுவித் துடைத்து அனுப்புவது தாயின் பொறுப்பு. பிள்ளைக்குக் கல்வி, உழைக்கும் தாய்க்குக் கை ஓய்வு, குடும்பத்துக்கு ஆலோசனை ஆகிய மூன்றும் ஒரே வாசலிற் கிடைத்தன. மொன்ரிசோரி முறையின் பிறப்பு இது.

1939ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் பிரமஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் வரவேற்றனர். முதலாவது பயிற்சி வகுப்பிலேயே 300 பேருக்கு மேல் இருந்தனர். 1940 ஜூனில் இத்தாலி போரிற் குதித்ததும் அவரும் மகன் மாரியோவும் பிரித்தானியருக்குப் பகைநாட்டவராயினர். மகனை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். தாய் அடையாறுக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கொடைக்கானல் மலையில் தங்கி வேலை செய்தனர். அங்கிருந்து 1944இல் அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடத்தில் அவர் பெயராலேயே ஒரு பயிற்சி நிலையம் வளர்ந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்னும் பெண்மணி அம்மையாருடன் பணியாற்றி, பிற்காலத்தில் அமெரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

இவை யாவும் நாம் பெருமைப்படக் கூடியவை. ஆனால் சன் லொரென்சோவிலிருந்து காலி வீதிக்கு வந்து சேர்வதற்குள் அந்த முறை ஒன்றை வழியிலே தவறவிட்டுவிட்டது. அதற்குரிய மரக் கட்டைகளும் மணிக் கோவைகளும் விலை கூடியவை. பயிற்சி பெற்ற ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அரசு கொடுக்கவில்லை, பெற்றோர் கொடுத்தனர். கொடுக்கக் கூடிய பெற்றோரின் பிள்ளைகள் வந்தனர். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, மாதக் கட்டணம் கட்டக்கூடியவர்களின் விறாந்தையில் வந்து தங்கிற்று. இதில் எந்தத் தனியாளையும் குற்றஞ்சொல்ல நான் வரவில்லை. விறாந்தைப் பள்ளி நடத்திய பெண்கள் பலர் தாமும் சொற்ப வருமானத்தில் உழைத்தவர்களே. நானும் அத்தகைய ஒரு விறாந்தையில் உட்கார்ந்து 'அ' எழுதியவன்தான்.

அம்மையார் இலங்கைக்கு வந்த மறு ஆண்டு 1945. அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை அதற்கு அடித்தளம். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை காசின்றிக் கல்வி என்பது, அக்காலத்திற் பெரிய நாடுகள் பலவும் எண்ணிப் பார்க்காத துணிவு. நானும் என் போன்ற ஆயிரக்கணக்கானோரும் அந்தக் கதவால் உள்ளே வந்தவர்களே. ஆயினும் அந்தக் கதவின் படி, ஐந்து வயதில் வைக்கப்பட்டிருந்தது. 'பாலர் வகுப்பு' என்று சொல்லப்பட்டது பாடசாலைக்குள்ளே இருந்த அரிவரி வகுப்பு. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் வீட்டின் பொறுப்பு. வீடு என்று ஒன்று ஒழுங்காக இருப்பவர்களுக்கு அது போதும். தாயும் தந்தையும் விடியற்காலை வெளியேறி இருட்டியபின் திரும்பும் வீட்டுக்கு?

பின்னாளில் நம் சட்டமும் மேல்நோக்கியே வளர்ந்தது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த மேலெல்லை 16 ஆயிற்று. கீழெல்லை அசையவில்லை. அந்த ஐந்து அப்படியே நிற்கிறது.

அப்படியென்றால் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளையை இந்நாடு கைவிட்டதா? இல்லை. நியாயமாகப் பேசுவதானால் அதன் உடலை அது காப்பாற்றியது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டது. மருத்துவரும் மருத்துவிச்சியும் தம் நிலையத்தில் நோயாளிக்காகக் காத்திராமல், வீடு தேடிச் சென்று கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவிற்று. மலேரியா கொள்ளை கொண்ட 1935இல் பிறந்த 1000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946இல் அத்தொகை 141, 1953இல் 71. இன்று 10இற்கும் குறைவு. சைக்கிளிலும் நடையிலும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த குடும்பநலப் பெண்களின் உழைப்பு இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. 1942இல் தொடங்கிய பங்கீட்டு அரிசியும், 1973இல் வந்த திரிபோஷா மாவும் அதே வழியில் வந்தவை. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவை, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தனர். திரிபோஷாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்துத் தின்ற ஞாபகம் எங்கள் வயதினர் பலருக்கு உண்டு.

இந்தக் காப்பும் எப்போதும் உறுதியாக நின்றதில்லை. 1953இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. பலர் உயிரிழந்தனர், ஒக்டோபரிற் பிரதமர் பதவி விலகினார். அந்த வரலாற்றை அரிசியின் வரலாறாகவே நாம் படிக்கிறோம். பிள்ளையின் மதியச் சோறும் அதே பட்டியலில் இருந்தது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே திரிபோஷாவே தட்டுப்பட்டது. நாட்டுக்குக் கைமுட்டு வருகின்ற போதெல்லாம் முதலில் மெலிவது, வாய் திறந்து கேட்கத் தெரியாதவனின் பங்கு.

ஆக, இரண்டு ஆறுகள். உடலுக்கான உதவி அரசின் வழியாக ஏழையின் வீட்டு வாசல் வரை வந்தது. அறிவுக்கான பள்ளி தனியாரின் வழியாகக் காசுள்ளவரின் விறாந்தையோடு நின்றது. இரண்டும் கலக்கவில்லை. பிள்ளையின் எடையை நிறுத்த குடும்பநலப் பெண், அதனிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று நிறுத்துப் பார்க்க அவளுக்கு ஒரு தராசு கொடுக்கப்படவில்லை.

இவை கலந்த இடங்கள் இல்லாமலில்லை. அதே 1945ஆம் ஆண்டில், பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோரக் கிராமத்துக்கு தாராபாய் மோடக் என்னும் அம்மையார் சென்றார். பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மொன்ரிசோரி முறையிற் பாலர் பள்ளி நடத்திப் பழகியவர் அவர். நகரத்தில் அது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாக முடிவதைக் கண்டு கிராமத்துக்குப் போனார். அங்கும் பாலர் பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வரவில்லை. வராததற்குக் காரணம், என் மாணவன் சொன்ன காரணந்தான்: வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்தது. தாராபாய் அவர்களைக் குற்றஞ்சொல்லவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய முற்றத்துக்குப் போனார். விலை கூடிய கட்டைகளுக்குப் பதிலாக இலை, விதை, கூழாங்கல், சிப்பி. மூத்தது படிக்க, இளையது பக்கத்திற் தவழ்ந்தது. முற்றத்துப் பள்ளி என்ற பொருளில் அதற்கு 'அங்கன்வாடி' என்று பெயர் வந்தது.

அந்தப் பெயரையே இந்திய அரசு 1975 ஒக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்களுக்கு எடுத்துக்கொண்டது. துணையுணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல் மருத்துவத்துக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஆலோசனை, முன்பருவக் கல்வி ஆகிய ஆறும் ஒரே இடத்தில். தொடக்கத்தில் 33 இடங்களில்தான். இன்று தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் அங்கன்வாடி என்றாற் தெரியாதவர் இல்லை. 1982 ஜூலை முதலாந் திகதி, கண்டியிற் பிறந்து சிறுவயதிற் பசியை அறிந்த எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்து தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலும் பாடசாலைப் பிள்ளைகளோடு பாலர் நிலையப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். அங்கும் குறைகள் உண்டு. கட்டடமில்லா நிலையங்கள், போதாத ஊதியம், கல்வியை மறந்து சோற்றோடு நின்றுவிடும் இடங்கள் எல்லாம் உண்டு. ஆயினும் ஏழைப் பிள்ளைக்குச் சோறும் எழுத்தும் ஒரே வாசலிற் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை அங்கு அரசின் கொள்கையாயிற்று.

அமெரிக்காவிலும் அதே எண்ணம் 1965இல் ஹெட் ஸ்டார்ட் என்ற பெயரில் அரசுத் திட்டமாயிற்று. அதற்குச் சற்று முன்னர், 1962இல், மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி என்ற ஊரில் வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. 58 பிள்ளைகளுக்கு நல்ல முன்பள்ளியும், ஆசிரியை வாரந்தோறும் வீட்டுக்கு வந்து தாயோடு பேசும் வாய்ப்பும் கிடைத்தன. மற்றவர்களுக்கு இல்லை. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளி பெற்றவர்களுள் படிப்பை முடித்தவர் கூட, உழைத்தவர் கூட, சிறை வாசலை மிதித்தவர் குறைவு. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் பாட்டிமார் சொன்னதை அவர்கள் கணக்கெழுதிக் காட்டினார்கள் எனலாம்.

இலங்கையிலும் இடையிடையே முயற்சிகள் நடந்தன. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் கிராமந்தோறும் முன்பள்ளிகளை உண்டாக்கிற்று. தாய்மார் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள் பலவற்றோடு ஒரு பாலர் பாடசாலையும் ஒட்டியிருந்தது. சர்வதேச சிறுவர் ஆண்டான 1979ஐ அண்டிச் சிறுவர் செயலகம் அமைந்தது. கொழும்பின் முடுக்குகளிலும் தோட்டங்களிலும் சமுதாய அபிவிருத்திச் சபைகள் எழுந்து, சில இடங்களில் மண்டபம் கட்டிப் பிள்ளைகளை இருத்தின. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு முன்பள்ளி மாகாண சபைகளிடம் போயிற்று. 1991இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்கென ஒரு தேசியக் கொள்கையும் எழுதப்பட்டது. தாள்கள் நிறைய உண்டு. ஆனால் முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை இன்றும் தனியாராலும் சமய நிறுவனங்களாலும் தொண்டு அமைப்புகளாலும் நடத்தப்படுபவையே. ஆசிரியையின் ஊதியம் பிள்ளைகள் கட்டும் பணத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இந்நாட்டிலே இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு பேராசிரியர் அல்லர். அந்த மாணவனின் தாய். பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தார். வேலை செய்யும் வீட்டில் ஒரு மணித்தியாலம் கேட்டு வந்திருந்தார். நான் பிள்ளையின் வாசிப்பைப் பற்றிச் சொன்னேன். முன்பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே என்று, யோசிக்காமல், ஒரு சொல்லும் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நான் தோட்டத்துல பொறந்தவ சேர். எங்கம்மா கொழுந்து எடுக்கப் போகையில என்னையப் புள்ளக் காம்பராவுல விட்டுட்டுத்தான் போகும். அங்க ஒரு ஆயா இருந்துச்சு. பால் கொடுக்கச் சொல்லி அம்மாவ மலையிலருந்து எறங்கி வர விடுவாங்க. இங்க கொழும்புல எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

நேயர்களே, நான் வாயடைத்துப் போனேன். மலையகத்துப் பிள்ளைக்காம்பராவைப் பற்றி நாம் நல்லதாக எதுவும் படித்ததில்லை. சரியாகவே படிக்கவில்லை. லயத்தின் கோடியில் இருண்ட அறை. கயிற்றில் தொங்கும் சேலைத் தொட்டில்கள். கொழுந்து எடுக்க முடியாமற்போன முதியவள் ஒருத்தி காவல். தாயின் கை கொழுந்துக்குத் தேவைப்பட்டது; ஆகவே அந்தக் கையிலிருந்த பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சன் லொரென்சோவிற் சுவருக்காகத் தொடங்கியது போல, இங்கே கொழுந்துக்காகத் தொடங்கிற்று. சன் லொரென்சோவில் அறைக்குள் ஒரு மொன்ரிசோரி நுழைந்தார். நம் காம்பராவுக்குள் நீண்ட காலம் ஒருவரும் நுழையவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் படிப்படியாகச் சில திருத்தங்கள் வந்தன: வெளிச்சமுள்ள கட்டடம், பயிற்சி பெற்ற பிள்ளைப் பராமரிப்பாளர், எடை பார்க்கும் தராசு, பாட்டும் விளையாட்டும். இன்று அவை 'சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள்' எனப் பெயர் மாறியுள்ளன. எல்லா இடத்திலும் பெயருக்கேற்ப இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஓர் உண்மை மறுக்க முடியாதது. உழைக்கும் தாய்க்குப் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும் என்பதைத் தேயிலைத் தோட்டம் தன் இலாபத்துக்காகவேனும் ஒப்புக்கொண்டது. நம் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவ அந்தத் தாயை அழைத்த நகரம், அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

நகரம் என்று சொல்லி நான் தப்பிக்கொள்ளக் கூடாது. நகரம் என்பது நாம்தான். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மாடிவீட்டுத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை மொன்ரிசோரிக்குக் கூட்டிச்சென்று வாசலில் விட்டு, மதியம் கூட்டிவருபவர்கள் யார்? அந்தத் தாய்மாரே. அவர்கள் தினமும் மொன்ரிசோரி வாசல் வரை போகிறார்கள், வேறொருத்தியின் பிள்ளையோடு.

ஏடு தொடக்குதல் என்று நமக்கு ஓர் அழகிய வழக்கம் உண்டு. விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, பச்சையரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கின்றோம். கோயிலுக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் குருக்கள் அதைச் செய்கிறார், காசு கேட்பதில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது பிடியரிசி சேர்த்து நடத்தியதைப் பெருமையாகச் சொல்கின்றோம். அவர் பாலபாடம் எழுதினார். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடினார். மரபு நம்மிடம் இருக்கிறது. ஏடு தொடக்கிவிட்டு, அடுத்த நாள் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்கின்ற பழக்கந்தான் குறைவு. வருடத்தில் முந்நூறு நாள் பகலிற் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் நம் ஊரில் எத்தனை? ஒரு பாய், ஒரு பானைக் கஞ்சி, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் ஓர் ஆசிரியை, தவழும் தம்பி தங்கைக்கும் ஒரு மூலை. தாராபாய்க்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இந்த ஆசிரியையின் சம்பளத்தை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அரசு ஏற்கும் வரை மண்டபத்தின் திறப்பைத் தேடுவது நம் கடமை.

முன்பள்ளிக்குப் போகாத பிள்ளை உருப்படாது என்பது என் வாதமன்று. அந்த மாணவனே சாட்சி. அவனோடு நான் மாலையில் அரைமணி நேரம் இருந்து வாசித்தேன். மெல்ல மெல்ல வாசிப்பு வந்தது. ஆனால் ஆறாம் தரத்தில் அவன் செலவழித்த அந்த அரைமணிகள், மற்றப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் நின்ற நேரம். நான்கு வயதில் விளையாட்டாகக் கிடைத்திருக்க வேண்டியதை அவன் பதினொரு வயதில் விளையாட்டை விட்டுப் பெற்றான். இலவசம் என்று நாம் சொல்கின்ற கல்விக்கு அவன் கொடுத்த கட்டணம் அது.

அவன் தங்கையைக் கேட்டேன், இப்போது எப்படிப் படிக்கிறாள் என்று. நன்றாக வாசிப்பாளாம். எப்படி என்றேன். "நான் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினதும், படிச்சதெல்லாம் வீட்டுல வந்து அவளுக்குச் சொல்லிக் குடுத்தன் சேர். நெலாவுக்கு 'நி' போடணும்னு நாந்தான் சொன்னன்" என்றான்.

பெருஞ்சித்திரனாரின் மனைவி மகனுக்குக் காட்டிய நிலா அது. தாய் வேலைக்குப் போன வீட்டில், அதைத் தங்கைக்கு எழுதிக் காட்டியவன் ஒரு சிறுவன். அந்த வேலையை அவன் கையிலிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.